யார் யார் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள்? ஆய்வேட்டுக்குக் கட்டுரை தேடும் வழி

"சார், நொய்யல் பத்தி ஏதாச்சும் புக்கு இருக்குங்களா?"

ஈரோட்டுப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். ஜூலை, ஆகஸ்ட் வந்தால் என் மேசைக்கு முன்னால் இப்படி யாராவது வந்து நிற்பது வழக்கம். இந்தப் பெண் எம்.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு. ஊர் சென்னிமலைப் பக்கம், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கொஞ்ச தூரத்தில். "எங்க தோட்டத்துக் கெணத்துத் தண்ணிய மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குதுங்க சார். அதப் பத்தித்தான் ப்ராஜெக்ட் பண்ணோணும்" என்றாள்.

நல்ல தலைப்பு. திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு கலந்து கெட்டுப்போன ஆறு நொய்யல். ஆனால் எங்கள் அலமாரியில் அதைப் பற்றித் தனிப் புத்தகம் ஒன்றும் இல்லை. அவளும் சும்மா வரவில்லை. இரண்டு நாள் கூகுளில் தேடிவிட்டுத்தான் வந்திருந்தாள். கிடைத்தவை செய்தித்தாள் செய்திகள், விக்கிப்பீடியாப் பக்கம், ஆற்றில் நுரை பொங்குவதைக் காட்டும் வீடியோக்கள். அவற்றைப் பார்த்த கைடு, "இதெல்லாம் வேண்டாம், லிட்ரேச்சர் கொண்டு வா" என்று அனுப்பிவிட்டாராம்.

"லிட்ரேச்சர்னா கதை, கவிதைங்களா சார்?"

சிரிக்க வேண்டாம். முதுகலை வரை வந்துவிட்ட பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. தெரிந்திருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதையும், அடுத்த இரண்டு மாதம் அவளோடு சேர்ந்து தேடியதையும் இங்கே எழுதுகிறேன்.

ஆய்வு உலகத்தில் லிட்ரேச்சர் என்றால், ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு முறைப்படி ஆராய்ந்து, எப்படி ஆராய்ந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவைத்த எழுத்து. பெரும்பாலும் அதே துறையில் வேலை செய்யும் வேறு இரண்டு மூன்று பேர் படித்துக் குறை நிறை சொன்ன பிறகே அது வெளிவரும். கிணறு கெட்டுப்போனது என்று செய்தித்தாள் சொல்லும். எந்தக் கிணறு, எந்த மாதம் எடுத்த தண்ணீர், உப்பு எவ்வளவு, எதை வைத்து அளந்தோம் என்று ஆய்வுக் கட்டுரை சொல்லும். நாளைக்கு வேறொருவர் அதே கிணற்றடிக்குப் போய் அளந்து பார்த்து, சரி என்றோ தப்பு என்றோ சொல்ல முடியும். இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

ஆய்விதழ்களில் வரும் கட்டுரைகள், முனைவர் பட்ட ஆய்வேடுகள், ஆய்வாளர்கள் எழுதிய புத்தகங்கள், அரசுத் துறைகளும் நிறுவனங்களும் வெளியிடும் அறிக்கைகள் என்று இது பல உருவத்தில் வரும். கூடவே 'ரிவ்யூ' கட்டுரை என்று ஒரு வகை உண்டு. ஒரு விஷயத்தைப் பற்றி இதுவரை வந்த கட்டுரைகளையெல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் படித்துத் தொகுத்து எழுதியிருப்பார். தேடத் தொடங்கும்போது அப்படி ஒன்று அகப்பட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் இரண்டாம் அத்தியாயத்தை நிரப்புவதற்காகத்தான் இதையெல்லாம் தேடுகிறோம் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சில கைடுகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பது என் சந்தேகம். உண்மையில் தேடலின் பலன் முதல் அத்தியாயத்தில்தான் தெரியும். நான்கு பேர் என்ன கேட்டார்கள் என்று படித்த பிறகுதான், நாம் கேட்க வந்த கேள்வி எவ்வளவு மொட்டையானது என்று நமக்கே புரியும்.

வீட்டுச் சொல்லும் ஆய்விதழ்ச் சொல்லும்

ஆய்வு எழுத்துகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரைத் திறந்து, "என்ன போட்டுத் தேடுவே?" என்று கேட்டேன். நொய்யல் நதியின் மாசினால் விவசாயிகளுக்கு ஏற்படும் பிரச்சினைகள் என்று ப்ராஜெக்டின் முழுத் தலைப்பையும் ஆங்கிலத்தில் அப்படியே தட்டினாள். ஏதேதோ வந்தது. வங்காளதேசத்து ஆறு ஒன்று மேலே வந்து நின்றது.

தேடுபொறி நம் மனதைப் படிப்பதில்லை. கட்டுரை எழுதியவர் என்ன சொல்லைப் போட்டிருக்கிறாரோ அந்தச் சொல்லை நாம் கொடுத்தால்தான் அவர் கட்டுரை நம் முன்னால் வரும். அதனால் முதல் நாள் கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டு ஒரு தாளை எடுக்கச் சொல்வது என் பழக்கம். இடது பக்கம் வீட்டில் பேசும் சொல். வலது பக்கம், அதே விஷயத்தை ஆய்வாளர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று.

சாயத்தண்ணி என்று எழுதினாள். அதற்கு எதிரே டெக்ஸ்டைல் எஃப்ளுவென்ட், டையிங் எஃப்ளுவென்ட். கிணறு உப்பாயிருச்சு: கிரவுண்ட்வாட்டர் சலினிட்டி, கிரவுண்ட்வாட்டர் குவாலிட்டி, அப்புறம் டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு. வெள்ளாமை போச்சு: கிராப் லாஸ், அக்ரிகல்ச்சுரல் ப்ராடக்டிவிட்டி. சாயப்பட்டறைக்காரங்க சம்பாதிச்சாங்க, நட்டம் எங்களுக்கு என்பதற்கு என்ன போடுவது என்று கேட்டாள். "போன வருசம் மைக்ரோ எகனாமிக்ஸ்ல படிச்சிருப்பியே கண்ணு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "எக்ஸ்டெர்னாலிட்டிங்களா சார்?" அதேதான். ஒருவர் தொழிலின் செலவு, அதில் சம்பந்தமே இல்லாத இன்னொருவர் தலையில் விழுவது. பரீட்சைக்கு எட்டு மார்க் கேள்வியாகப் படித்த சொல், அப்பா தோட்டத்துக் கிணற்றைப் பற்றியது என்று அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கும் அன்றைக்கு மதியச் சாப்பாடு ருசியாகத்தான் இருந்தது.

அடுத்தது ஊர்ப் பெயர்கள். கொங்கு நாட்டைப் பற்றித் தேடுகிறவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இதுதான். திருப்பூரை ஆங்கிலத்தில் ஒற்றைப் பி போட்டு எழுதியவர்கள் உண்டு, இரட்டைப் பி போட்டவர்கள் உண்டு, டி-க்குப் பின்னால் ஹெச் சேர்த்தவர்களும் உண்டு. நொய்யல், நொய்யில். காங்கேயம், காங்கயம். ஒரு எழுத்தில் கட்டுரை தப்பிவிடும். கொங்கு என்ற பெயருக்கே இந்த கதி உண்டு. பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் 1960களில் காங்கேயத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்து, 1972-ல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பில் கொங்கு என்ற சொல்லை ஜி போடாமல் கே போட்டுத்தான் எழுதியிருக்கிறார். இந்தப் பகுதியின் சமூக அமைப்பைப் பற்றிப் பேசும் யாரும் தாண்டிப் போக முடியாத புத்தகம் அது. நம் வழக்கப்படி ஜி போட்டுத் தேடினால் கண்ணில் படாமலே போகலாம்.

மாவட்டப் பெயர் இன்னும் மோசம். காங்கேயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1979 வரை அது கோயம்புத்தூர் மாவட்டம். அந்த வருடம் பிரித்துப் பெரியார் மாவட்டம் ஆக்கினார்கள். 1996-ல் பெரியார் மாவட்டம் ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறியது. 2009-ல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது காங்கேயம் அங்கே போனது. ஊர் நகரவே இல்லை, நான்கு மாவட்டப் பெயர் பார்த்துவிட்டது. 1980களில் எழுதிய வேளாண் ஆய்வுகளைத் தேடுகிறவர் பெரியார் மாவட்டம் என்று போட்டுப் பார்க்காவிட்டால், அந்தப் பத்துப் பதினைந்து வருட எழுத்து இல்லவே இல்லை என்று நினைத்துக்கொள்வார். நாமக்கல் 1997-க்கு முன்னால் சேலத்துக்குள் இருந்தது. கரூரை 1995-க்கு முன்னால் திருச்சிராப்பள்ளியில் தேட வேண்டும்.

ஆள் பெயரிலும் கவனம் தேவை. நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இன்ஷியல். வெளிநாட்டு ஆய்விதழ் எது குடும்பப் பெயர் என்று கேட்கும்போது ஒருவர் தன் பெயரைக் கொடுப்பார், இன்னொருவர் இன்ஷியலை விரித்து அப்பா பெயரைக் கொடுப்பார். சு. வேலுச்சாமி என்று ஓர் ஆய்வாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் அவர் வேலுச்சாமி எஸ், அடுத்ததில் சுப்பிரமணியம் வி. இரண்டும் ஒரே ஆள் என்று எந்த இயந்திரத்துக்கும் தெரியாது.

சொற்கள் கையில் வந்த பிறகு அவற்றைத் தேடுபொறியில் எப்படிப் போடுவது என்பது சின்ன விஷயம். சேர்ந்தே வர வேண்டிய சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இரண்டில் ஏதாவது ஒன்று வந்தால் போதும் என்றால், நடுவே அல்லது என்று பொருள்படும் 'ஆர்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி. இவ்வளவு தெரிந்தால் முதல் மாதத்துக்குப் போதும்.

எங்கே தேடுவது

கூகுள் ஸ்காலரில் தொடங்கலாம். 2004-ல் வந்தது, காசு கேட்பதில்லை, எல்லாத் துறையையும் ஒரே வலையில் அள்ளும். அள்ளுவதால் குப்பையும் சேர்ந்து வரும் என்பது அதன் குறை. அதிகம் பேர் மேற்கோள் காட்டிய கட்டுரைக்கு அது முன்னிடம் தரும் என்பதால் பழைய கட்டுரைகள் மேலே நிற்கும், போன வருடம் வந்த நல்ல கட்டுரை கீழே கிடக்கும். இடது பக்கத்தில் ஆண்டைக் குறுக்கிக்கொள்ள வழி இருக்கிறது.

ஆண்டைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளை மட்டும் பார் என்று மாணவர்களுக்குப் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். மருத்துவத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் அது பொருந்தலாம். நொய்யலுக்குப் பொருந்தாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை திறக்கக் கூடாது என்று. அதற்கு முன்னால் அளந்த கிணற்று நீரும், பின்னால் அளந்த கிணற்று நீரும் இரண்டு வேறு காலத்துக் கதைகள். அவளுக்கு இரண்டும் வேண்டும். ஐந்து வருட வடிகட்டியைப் போட்டிருந்தால் முதல் கதை முழுக்கவே போயிருக்கும். உங்கள் விஷயத்தில் காலம் எங்கே திரும்பியது என்று பார்த்து அங்கே கோடு போடுங்கள்.

இந்திய ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. ஆய்வேடுகளை மின்வடிவில் சமர்ப்பிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2009-ல் விதி கொண்டுவந்தது. அதன் பிறகு காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நிறுவனம் அவற்றைச் சேர்த்து வைக்கும் இடம் இது. ஆய்வேடு அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனி பிடிஎஃப் கோப்புகளில் இருக்கும். நான் முதலில் திறக்கச் சொல்வது கடைசிக் கோப்பை, அதாவது நூற்பட்டியலை. அடுத்து இரண்டாம் அத்தியாயம். நம் தலைப்புக்குப் பக்கத்தில் ஒருவர் நான்கைந்து வருடம் உட்கார்ந்து தேடிய பட்டியல் அங்கே சும்மா கிடக்கிறது.

ஆனால் ஷோத்கங்காவில் ஒரு சபலமும் காத்திருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தை அப்படியே தூக்கி ஒட்டிவிடுவது. யுஜிசியின் 2018 விதிப்படி மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் நடவடிக்கை தொடங்கிவிடும். பிடிபடுவது ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஆய்வேட்டுக்காரர் ஒரு கட்டுரையைத் தப்பாகப் படித்திருந்தால், அதே தப்பை நீங்களும் சுமப்பீர்கள். அச்சுப் பிழை உட்பட ஒரே வாக்கியம் மூன்று ஆய்வேடுகளில் வரிசையாக இறங்கி வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

வேளாண்மை, கால்நடை சம்பந்தமான ஆய்வேடுகளுக்குக் கிருஷிகோஷ் என்று தனியிடம் உண்டு. மஞ்சள், தென்னை, கரும்பு, பால்மாடு என்று கொங்குப் பகுதித் தலைப்பு எடுத்தவர்கள் இதைப் பார்க்காமல் போகக் கூடாது. உடல்நலம் என்றால் பப்மெட். சமூக அறிவியலுக்கு எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியின் பழைய இதழ்கள், அப்புறம் ஜேஸ்டோர். ஜேஸ்டோரில் ஒரு கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை இணையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். வரலாறு வேண்டுமென்றால் நிக்கல்சன் எழுதிய 1887-ஆம் ஆண்டின் கோயம்புத்தூர் மாவட்ட மானுவல் போன்ற பழைய ஆவணங்களை இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடுங்கள். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்.

நுனியைப் பிடித்து இழுப்பது

தெரியாத ஊரில் ஒருவர் வீட்டைத் தேடிப் போகிறோம். மேப் ஒரு முட்டுச்சந்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. டீக்கடையில் ஒருவரைப் பிடித்துக் கேட்டால் போதும். "அட நம்ம ரைஸ்மில்காரர் வீடுங்களா, அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்துல கேளுங்க" என்பார். அங்கே கேட்டால் அவர் இன்னொருவரைக் காட்டுவார். அரைமணி நேரத்தில் வீடு மட்டுமல்ல, அந்த ஊரே நமக்குப் பழக்கமாகிவிடும்.

கட்டுரை தேடுவதும் இப்படித்தான். இந்தப் பகுதியைத்தான் நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது. தேடுபெட்டியில் மணிக்கணக்காகச் சொல்லை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உங்கள் தலைப்புக்கு நெருக்கமான ஒரே ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் போதும். அதிலிருந்து இரண்டு பக்கமும் போகலாம்.

ஒரு பக்கம் பின்னால். அந்தக் கட்டுரையின் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலைப் படிப்பது. அவர் யாரைப் படித்துவிட்டு எழுத உட்கார்ந்தார் என்று தெரியும். பட்டியலை வெறுமனே பார்க்காமல், கட்டுரைக்குள் எந்த இடத்தில் எந்தப் பெயர் வருகிறது என்றும் பாருங்கள். ஒரே அடைப்புக்குள் ஐந்து பெயரை அடுக்கியிருந்தால் அவை சும்மா ஒப்புக்கு வந்தவையாக இருக்கலாம். ஒரு பெயரை மட்டும் எடுத்து ஒரு முழுப் பத்தி வாதாடியிருந்தால், அந்த ஆளைத் தேடிப் போக வேண்டும்.

இன்னொரு பக்கம் முன்னால். இந்தக் கட்டுரை வெளிவந்த பிறகு இதைப் படித்து மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று பார்ப்பது. கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே 'சைட்டட் பை' என்று ஓர் எண்ணோடு இருக்கும். பலர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, ஓஹோ பெரிய ஆள் போல என்று நகர்ந்துவிடுகிறார்கள். அந்த எண்ணைச் சொடுக்க வேண்டும். மேற்கோள் காட்டிய அத்தனை பேரும் வரிசையாக வருவார்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால், அந்தப் பட்டியலுக்குள் மட்டும் தேடு என்று ஒரு சின்னக் கட்டம் மேலே இருக்கும். அதில் டிக் செய்துவிட்டு நொய்யல் என்று போட்டால், தலைப்பிலோ சுருக்கத்திலோ நொய்யலே வராத கட்டுரைகூட எட்டிப் பார்க்கும்.

இந்த முன்னோக்கிய தேடலுக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. அமெரிக்க வழக்கறிஞர்களிடம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒரு வழக்கம் இருந்தது. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் மேற்கோள் காட்டின, எவை மறுத்தன என்று பட்டியலிட்ட தொகுதிகளை வைத்திருப்பார்கள். யூஜின் கார்ஃபீல்ட் என்பவர் அதைப் பார்த்துவிட்டு, அறிவியல் கட்டுரைக்கும் இப்படிச் செய்தால் என்ன என்று 1955-ல் எழுதினார். 1964-ல் அறிவியல் மேற்கோள் அட்டவணை அச்சுத் தொகுதிகளாக வந்தது. இன்றைக்கு இணையத்தில் இருக்கும் வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மேற்கோள் தேடுதளம் அதன் வாரிசு. நாம் ஒரு சொடுக்கில் செய்வதை அன்றைக்குத் தடித் தடித் தொகுதிகளில் பொடி எழுத்தில் விரல் வைத்துத் தேடியிருக்கிறார்கள்.

அவளுக்கு முதலில் கிடைத்த நுனி, மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் திருப்பூர்ச் சாயக்கழிவின் சுற்றுச்சூழல் செலவைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரை. பின்னால் போனதில் மண், நீர் அளவீடுகளும் அரசு அறிக்கைகளும் வந்தன. முன்னால் போனதில் சுத்திகரிப்புத் தொழில்நுட்பம், சட்டம், தொழிலாளர் என்று பல வாய்க்கால்கள் பிரிந்தன. எல்லா வாய்க்காலிலும் இறங்கினால் தோட்டம் போய்ச் சேர முடியாது. தொழிலாளர் பக்கம் ஷரத் சாரி திருப்பூர்ப் பனியன் தொழிலின் எழுச்சியைப் பற்றி 2004-ல் எழுதிய புத்தகம் மாதிரிப் பெரிய எழுத்துகள் இருக்கின்றன. அதில் நுழைந்தவள் ஒரு வாரம் வெளியே வரவில்லை. திட்டவில்லை. நன்றாகத்தான் படித்தாள். ஆனால் ப்ராஜெக்டுக்கு அதிலிருந்து எடுத்தது ஒரு பத்திதான்.

காசு கேட்கும் கட்டுரை

சுருக்கத்தைக் காட்டிவிட்டு, முழுக் கட்டுரைக்கு நாற்பது டாலர் கேட்கும் பக்கத்தில் வந்து நிற்காத மாணவர் இல்லை. யாரும் கொடுக்க வேண்டாம். முதலில் ஸ்காலரில் அதே கட்டுரைக்குக் கீழே 'ஆல் வெர்ஷன்ஸ்' என்று இருப்பதைத் திறந்து பாருங்கள். எழுதியவர் தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் இலவசமாக ஒரு படி போட்டு வைத்திருக்கலாம். அன்பேவால் என்ற இணைப்பை பிரௌசரில் சேர்த்துக்கொண்டால் சட்டப்படியான இலவசப் படி இருக்கிறதா என்று அதுவே பார்த்துச் சொல்லும். இரண்டும் இல்லையென்றால் எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் இன்ன கல்லூரியில் இன்ன தலைப்பில் ஆய்வு செய்கிறேன், உங்கள் கட்டுரை தேவைப்படுகிறது என்று நான்கு வரி. கேட்கக் கூச்சப்படுகிறார்கள். தன் கட்டுரையை ஒருவர் படிக்க ஆசைப்படுகிறார் என்றால் எழுதியவருக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

அரசு நிர்வகிக்கும் பல்கலைக்கழகம், கல்லூரிகளில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் ஒரு வசதி வந்திருக்கிறது. ஒரே நாடு ஒரே சந்தா என்ற ஒன்றிய அரசுத் திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களைப் படிக்கலாம். மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் கட்டத்தில் தனியார் சுயநிதிக் கல்லூரிகள் இதில் இல்லை. கொங்கு நாட்டில் முக்கால்வாசிப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து படிக்க அனுமதி கேட்டுப் பார்க்கலாம். போகும் முன் வேண்டிய கட்டுரைகளின் பட்டியலை எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போய்த் தேடத் தொடங்கினால் அரைநாள் போய்விடும்.

பல்லைப் பிடித்துப் பார்ப்பது

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் மாடு வாங்குவதில்லை. கட்டுரையை மட்டும் பார்த்தவுடன் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம்.

காசு கொடுத்தால் எதையும் மூன்று நாளில் வெளியிடும் ஆய்விதழ்கள் ஏராளம். பெயரில் இன்டர்நேஷனல் என்று இருக்கும். ஆசிரியர் குழுவில் இருப்பவர்களுக்கே தாங்கள் இருப்பது தெரியாது. ஜெஃப்ரி பீல் என்ற அமெரிக்க நூலகர் இவற்றுக்குக் கொள்ளை இதழ்கள் என்ற பொருளில் பெயர் வைத்துப் பட்டியல் நடத்தினார். 2017-ல் அது எடுக்கப்பட்டுவிட்டது. இங்கே நல்ல இதழ்கள் எவை என்று காட்ட யுஜிசி நடத்திவந்த கேர் பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டது. ஆகவே நம் கண்தான் நமக்குப் பட்டியல். கட்டுரையில் முறை எழுதியிருக்கிறதா? எத்தனை கிணறு, எத்தனை வீடு என்று எண்ணிக்கை இருக்கிறதா? சுருக்கத்தில் சொன்ன முடிவும் உள்ளே இருக்கும் அட்டவணையும் ஒத்துப்போகின்றனவா? இந்த மூன்றையும் பார்த்தாலே சொத்தைப் பல் தெரிந்துவிடும்.

அப்புறம் சாட்ஜிபிடி. போன பருவத்தில் ஒரு பையன் இருபது மேற்கோள் கொண்டுவந்தான். பளிச்சென்று இருந்தது. ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்க எண் எல்லாம் இருந்தன. பதினோரு கட்டுரை உலகத்திலேயே இல்லை. அவன் பொய் சொல்லவில்லை, அவனிடம் யந்திரம் சொன்ன பொய் அது. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் இப்படி இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் கொடுத்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். சொற்களைத் தேட, ஒரு கடினமான பத்தியைப் புரிந்துகொள்ள அதைக் கேளுங்கள், தப்பில்லை. மேற்கோள் கேட்டால் ஒவ்வொன்றையும் நீங்களே திறந்து பார்க்க வேண்டும். அதற்கு வழி டிஓஐ எண். 10 என்று தொடங்கும், கட்டுரைக்கு ஆதார் எண் மாதிரி. டிஓஐ தளத்தில் போட்டால் அந்தக் கட்டுரையின் பக்கத்துக்கே போய் நிற்க வேண்டும். வேறெங்காவது போனாலோ, போகவே இல்லை என்றாலோ சந்தேகப்படுங்கள். டிஓஐ இல்லாத நல்ல இந்திய இதழ்களும் உண்டு என்பதால், இல்லையென்றாலே போலி என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம்.

எழுதிவைப்பது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோட்டீரோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கட்டுரையைச் சேமிக்கும், நூற்பட்டியலைத் தானே தயாரித்துத் தரும். முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் எந்தப் பிடிஎஃப் எங்கே போனது என்று அழுதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நம் ஊர்ப் பெயர்களில் இன்ஷியலை அது குழப்பும், கையால் திருத்த வேண்டியிருக்கும்.

கூடவே ஒரு நீள நோட்டு. கட்டுரைக்கு ஒரு வரி: எந்த ஊர், எந்த ஆண்டு அளந்தது, எப்படி, என்ன கண்டார்கள், எதை விட்டுவிட்டார்கள். எந்த ஆண்டு வெளிவந்தது என்பது வேறு, எந்த ஆண்டு அளந்தது என்பது வேறு. 2013-ல் வெளிவந்த கட்டுரையில் இருப்பது 2009-ஆம் ஆண்டுத் தண்ணீராக இருக்கலாம். நொய்யல் விஷயத்தில் அந்த நான்கு வருடம் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று மேலே பார்த்தோம்.

அவள் நோட்டில் நாற்பது வரி சேர்ந்தது. அதற்குப் பிறகு எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் அதன் மேற்கோள் பட்டியலில் தெரிந்த பெயர்களே வந்தன. "எல்லாரும் நமக்குத் தெரிஞ்சவங்களாவே இருக்காங்க சார்" என்றாள். சரி, நிறுத்தலாம் என்றேன்.

இரண்டாம் அத்தியாயத்தை எழுதிக்கொண்டு வந்தாள். கடைசிப் பத்தியில், சாயக்கழிவு இப்பகுதிக் கால்நடைகளையும் மேய்ச்சலையும் என்ன செய்தது என்பது குறித்து இதுவரை எந்த ஆய்வும் நடைபெறவில்லை என்று எழுதியிருந்தாள். மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிய கதையில் தொடங்கியவள் அல்லவா, அங்கேயே வந்து சேர்ந்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எந்த ஆய்வும் இல்லை என்று எழுதுவது ஆபத்து.

"என்ன சொல் போட்டுத் தேடினே?"

"லைவ்ஸ்டாக்குங்க சார்."

"அவ்வளவுதானா?"

கேட்டில், டெய்ரி, மில்க், ஃபாடர், கிரேஸிங் என்று வரிசையாகத் தட்டினோம். இரண்டு கட்டுரை புதிதாக வந்தது. வாக்கியத்தில் கை வைக்க வேண்டியதாயிற்று. அப்புறம், "மேய்ச்சல் நிலத்துக்கு வேற என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டேன். பாஸ்ச்சர் என்றாள், ரேஞ்ச்லேண்ட் என்றாள். ஆங்கிலம் தீர்ந்துபோனது.

"உங்க அப்பாரு என்னன்னு சொல்லுவாரு?"

"அப்பாருங்களா? கொறங்காடும்பாருங்க."

கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் விட்டு, மாட்டை அவிழ்த்துவிடும் காங்கேயத்து மேய்ச்சல் காடு. "அதையே இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுப் பாரு" என்றேன். நம்பிக்கை இல்லாமல்தான் அடித்தாள். கொறங்காடு என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்து ஆய்வுக் கட்டுரைகள் வந்து நின்றன.

நாற்பதாவது வரிக்குக் கீழே கோடு போட்டு மூடியிருந்த நோட்டை அவள் மறுபடி திறந்தாள்.